எண்ணெய்த் தாளில் ஒரு கை

கூலாயில் மகன் வீட்டுத் தெருமுனையில் ஒரு வடைக்கடை இருக்கிறது. முழங்கால் இடம் கொடுக்கும் மாலைகளில் மெல்ல நடந்துபோய் இரண்டு வடை வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். மருமகளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். மருத்துவர் சொன்னதை எனக்கு நினைவுபடுத்தி அவளும் அலுத்துவிட்டாள், கேட்டு நானும் அலுத்துவிட்டேன்.

போன வாரம் வடை முடிந்தபின் கையிலிருந்த செய்தித்தாள் துண்டைப் பார்த்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்துப் படம் தெரிந்தது. யாரோ பெரிய மனிதர் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுக்கிறார். பின்பக்கமிருந்து பார்த்ததால் இடது கையால் கொடுப்பதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் என்ன அங்கிள் என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் எங்கிருந்து தொடங்குவது? உங்களிடமானால் சொல்லலாம், உங்களுக்கு அவசரமில்லை.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. நான் லாபிஸில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பில் இருந்தேன். என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றும் வேலை. எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது, சோறு இருந்தது. சுற்றியிருந்த தோட்டங்களில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். வேலை போனவர்கள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மூட்டை முடிச்சோடு டவுனுக்கு வந்தார்கள். கோயில் பக்கத்துக் கொட்டகையில் சேலைகளைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். பெயர் கொடுத்தால் பினாங்குக்கு ரயில், அங்கிருந்து ஊருக்குக் கப்பல். ஊர் என்பது பெரியவர்களுக்குத்தான் ஊர். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு அது வெறும் பேச்சு.

ஆனால் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் போதும், மறுபடி பால் மரம் வெட்ட ஆள் எடுப்பார்கள் என்று. அந்த இரண்டு மாதத்துக்குச் சோறு வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கொட்டகையில் இருந்தவர்களில் கன்னியப்பனின் குடும்பமும் ஒன்று. கன்னியப்பன் என் வகுப்பு, என் பெஞ்சு. அவன் கப்பலேறினால் எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வயதில் எனக்கு உலகப் பஞ்சம் என்பது அதுதான்.

எங்கள் டிராயிங் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னையும் கன்னியப்பனையும் சாகுலையும் நிறுத்தினார். "வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்க்கப் போறம். சனத்துக்கு விளங்குற மாதிரி ஒரு படம் செய்து தாங்கோ பெடியள்" என்றார். அதோடு அவர் வேலை முடிந்தது.

பிடி அரிசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே ஒரு டின்னில் போட்டுவைப்பது. சோற்றில் குறைந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாரக் கடைசியில் யாராவது வந்து வாங்கிப் போவார்கள்.

மூன்றாமவன் சாகுல். அவன் வாப்பா ஸ்டேஷன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த மெல்லிய வெள்ளைத் தாளில் ஒரு கட்டைச் சாகுல் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தான். "இதோட சரி, இன்னொரு தாள் கேட்டு வந்தா கடைப் பக்கம் சேர்க்கமாட்டேன்" என்று பாய் சொல்லியனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்லமுடியாது, அப்போது பொட்டலம் வாங்கவே ஆளில்லை.

அச்சுக்கு என்ன செய்வது? மரத்தில் செதுக்க எங்களுக்குத் தெரியாது. கன்னியப்பன்தான் புகைபோட்ட ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்தான். விலைபோகாமல் கிடந்த பொருள், யாரும் கேட்கவில்லை. இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையில் அடித்து, அவன் அப்பாவின் பால் வெட்டும் கத்தியால் செதுக்கத் தொடங்கினான். மரம் வெட்ட வேலையில்லாமல் கொட்டகைக் கூரையில் செருகிக் கிடந்த கத்தி. நுணுக்கமான இடங்களுக்குப் பாதி பிளேடு. ரப்பரைக் கிழிக்கும்போது வந்த அந்தப் புகைவாடை இப்போதும் சில சமயம் மூக்கில் வந்து நிற்கும். எங்கிருந்து வருகிறதென்று தேடுவேன், வீட்டில் ரப்பரே இருக்காது.

என்ன படம் போடுவது என்பதில்தான் சண்டை. எனக்கு அழுகிற குழந்தை வேண்டும். எலும்பும் தோலுமாக, வயிறு ஒட்டி, பார்க்கிறவன் கண்ணில் தண்ணீர் வரவேண்டும். சாகுல் ஏந்திய இரண்டு கைகள் போதும் என்றான். கன்னியப்பன் எங்கள் இருவரையும் பார்த்தான்.

"போடுற கைய மட்டும் வரையிறேன். வாங்குற கை வேணாம்."

"வாங்குற ஆள் இல்லாம எப்பிடிடா வெளங்கும்?" என்றேன்.

"வெளங்கும். இல்லாட்டி நீயே செதுக்கிக்க."

அவன் சாப்பிடப்போகிற சோறு அது. அவன் இஷ்டத்துக்கு விட்டோம். மேலிருந்து இறங்கும் ஒரு கை, விரல் இடுக்கில் உதிரும் அரிசி, கீழே ஒரு டின்னின் வாய். அவ்வளவுதான் படம். சுண்டுவிரலை மட்டும் கோணலாகச் செதுக்கியிருந்தான். யார் கைடா இது என்றதற்கு, யார் கையா இருந்தா என்ன என்றான்.

எழுத்து என் பொறுப்பு. "உலை வைக்குமுன் ஒரு பிடி" என்று எழுதினேன். இதைவிடச் சிறப்பாகத் தமிழில் யாரும் எழுதிவிடமுடியாது என்று மனதார நம்பினேன். அச்சில் நேராக வரவேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப்போட்டுச் செதுக்கினோம். மலாய்க்காரர்களுக்காகச் சாகுல் கீழே ஜாவி எழுத்தில் ஒரு வரி எழுதினான். வலமிருந்து எழுதும் எழுத்து அது. திருப்பிப்போட்டதும் இடமிருந்து ஓடியது. "இப்பத்தான்டா ஒங்க பக்கம் எழுதுற மாதிரி இருக்கு" என்று சிரித்தான். கண்ணாடி வைத்துப் பார்த்தோம், ஒருவர் மாற்றி ஒருவர் சரிபார்த்தோம். எழுத்தை மட்டும்.

விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மை. பள்ளிக்கூடப் பின்புறத்தில் ஒரு ஞாயிறு முழுக்க அச்சடித்தோம். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாது. அடிக்க அடிக்க அச்சு ஊதிக்கொண்டே போனது. முதல் தாள்களில் உழைத்த கையாக இருந்தது, கடைசித் தாள்களில் கொழுத்த வட்டிக்கடைக்காரர் கையாகிவிட்டது. பரவாயில்லை, பணக்காரரும் போடட்டுமே என்றான் சாகுல். தாள் தீர்ந்தபோது எங்களுக்கு இடுப்பு நிமிரவில்லை, ஆனால் மனது நிறைந்திருந்தது. அப்படி நிறைந்த நாட்கள் பிறகு எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

மறுநாள் முதல் படத்தைச் சாகுலின் வாப்பாவிடம் கொடுத்தோம். கல்லாவுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எடது கையால போடுறாங்க?"

நாங்கள் மூவரும் எங்கள் கைகளை நீட்டி, கவிழ்த்து, கட்டைவிரல் எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்தோம். எழுத்தைத் திருப்பத் தெரிந்த எங்களுக்குக் கையைத் திருப்பத் தோன்றவில்லை. கன்னியப்பன் பலகையில் வலது கையைத்தான் செதுக்கியிருந்தான். அது தாளில் இடது கையாக இறங்கியிருந்தது.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த ஊரில் இடது கையால் வெற்றிலையைக்கூட யாரும் நீட்டமாட்டார்கள். தமிழர் வீட்டிலும் அப்படித்தான், மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலும் அப்படித்தான். இடது கையால் அரிசி போடச் சொல்லி ஊரெல்லாம் படம் ஒட்டினால், கொட்டகையில் இருக்கிறவர்களை நாங்களே அவமானப்படுத்தியதாகும். அச்சும் ஊதிக் கெட்டுவிட்டது. தாளும் இல்லை. வெள்ளிக்கிழமை அரிசி சேர்க்கத் தொடங்குவதாக மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கன்னியப்பன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை.

வழி கண்டது சாகுல். உள்ளே ஒருவர் தின்றுவிட்டுப் போட்ட வடைப் பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி இருந்தது.

"டேய், பின்பக்கமா பாத்தா சோத்துக்கை தானேடா?"

அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு தாளையும் இரண்டாக வெட்டினோம். எழுத்துத் துண்டை நேராக, மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டினோம். கைத் துண்டைக் கவிழ்த்து, முதுகில் தேங்காயெண்ணெய் தடவி, அச்சடித்த முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்தோம். எண்ணெய்த் தாளில் பசை நிற்காது. அதனால் நான்கு மூலையிலும் சின்ன ஆணி. உள்ளிருந்து மங்கலாக, மஞ்சளாக, வலது கை தெரிந்தது. நேராக அடித்ததைவிட அது நன்றாக இருந்ததென்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. கிழவன் சொல்கிறேன், நீங்கள் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு எறும்பு வந்தது. மார்க்கெட் சுவரில் எறும்புகள் வரிசையாக ஏறி அந்தக் கைக்குள் போவதும் வருவதுமாக இருக்க, கூட்டம் கூடிவிட்டது. "அலமாக், எறும்புகூட அரிசிக்கு லைன்ல நிக்குது" என்றார் மாட்டுவண்டிக்காரர் ஒருவர். எறும்பைப் பார்க்க வந்தவர்கள் எழுத்தைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் கையைப் பார்த்தார்கள். கன்னியப்பன் சொன்னதுபோல் விளங்கிவிட்டது.

அரிசி வந்தது. பச்சரிசி, புழுங்கல், சயாம் அரிசி, கம்பத்து அரிசி எல்லாம் ஒரே கோணியில். அது ஒன்றாக வேகாது. ஒரு பருக்கை குழைந்தால் பக்கத்துப் பருக்கை கடிபடும். கொட்டகைக்காரர்கள் அதைச் சிரித்துக்கொண்டே தின்றார்கள். கன்னியப்பனின் அப்பா மட்டும் வரிசைக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

"மவன் ஊரெல்லாம் கேட்டு வாங்கின அரிசி தம்பி. எனக்கு எறங்கல. ரெண்டு மாசம்னு கிராணி சொல்றாரு, தொர சொல்லலியே. அசந்துபோச்சு. கப்பலுக்குப் பேரு குடுத்துட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். மனிதர் களைத்துப்போயிருந்தார். அந்தக் களைப்பு அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு என் முறைக்கு அது வந்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பியது காலை ரயிலுக்கு. ஸ்டேஷன் பலகைச் சுவரிலும் எங்கள் படம் இருந்தது, கீழே ஒரு பிஸ்கட் டின். நானும் சாகுலும் அந்த டின்னுக்குப் பக்கத்தில் நின்றோம். கன்னியப்பன் அப்பாவின் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தான். அங்கே போய் எந்த மரத்தை வெட்டுவான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது, கன்னியப்பன் ஏறிவிட்டான். ஏறப்போன அவன் அம்மா நின்றார். பயணத்துக்கு வைத்திருந்த அரிசி முடிச்சை அவிழ்த்தார். ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டார்.

"எதுக்கு அத்த, உங்களுக்கே வேணுமே" என்றேன்.

"இன்னும் ஆளுங்க இருக்காங்கல்ல தம்பி" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அரிசி உதிரும் அந்தக் கையின் சுண்டுவிரல் கோணல். சுவரில் இருந்த அதே கை. நான் கன்னியப்பனைப் பார்த்தேன். அவன் சன்னலுக்கு அந்தப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரயில் போனபின் நானும் சாகுலும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதோம்.

இரண்டு மாதத்தில் ஆள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து எடுத்தார்கள், கொட்டகையில் அப்போது யாருமில்லை. கன்னியப்பனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. படிப்பு முடிந்து நான் அதே ஸ்டேஷனில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தேன். முதல் மழைக்காலத்திலேயே என் எழுத்து கரைந்து, மிச்சத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. தமிழில் யாரும் எழுதமுடியாத அந்த வரி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. எண்ணெய் தடவிய கையை மட்டும் மழை ஒன்றும் செய்யவில்லை. வருடக்கணக்காக நின்றது. டின் போய்விட்டது, அரிசி சேர்ப்பதும் நின்றுவிட்டது. புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் இது எதற்கு என்று கேட்டார். யாரோ வரைந்தது சார் என்றேன். கழற்றச் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

ஜப்பான்காரன் காலத்தில் எங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பலகைச் சுவர் இல்லை. விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். யாரோ அந்தக் கையை எரித்துத்தான் உலை வைத்திருப்பார்கள். அந்த உலையில் போட அரிசி இருந்திருக்காது, மரவள்ளிக்கிழங்குதான்.