சவிரிமுத்து அண்ணையின் இரண்டு மருந்துகள்

பிலோமினா அக்காவின் அழைப்பு வந்தபோது நான் மெல்பேர்ணின் ரோவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். நித்திரையிலதான். கட்டிலிலதான்," என்றார். 'கட்டிலில' என்ற சொல்லை இரண்டாம் தரமும் சொன்னார். தன் கணவர் சவிரிமுத்து அண்ணை துவக்கு வெடித்துத்தான் சாவார் என்று பல வருடங்களாகப் பயந்திருந்தவர் அவர்.

எனக்கு அழுகை வருவதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "பின்னேரம் மகள் பென்டில் ஹில்லில இருந்து பிள்ளையளோட வாறாள். உந்தத் துவக்குக்குள்ள மருந்து கிடக்கோ எண்டு ஆருக்குத் தெரியும்? நேற்றும் கராஜுக்க கனநேரம் நிண்டவர். நீ ஒருக்கா வந்து பார்."

அண்ணையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரிடம் இருந்தது, வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாக இடித்து நிரப்பும் துவக்கு, அந்தக் காலத்துத் துப்பாக்கி. நிரப்பி வைத்தாலும் வெறுமையாக இருந்தாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மன்னாரிலிருந்து எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்ணுக்கு வந்த அண்ணை, பரீட்சைகளை மறுபடி எழுதி, பார்மசி நடத்தினார். சனிக்கிழமைகளில் நானும் அவரும் ஒரே துவக்குச் சூட்டுக் கிளப்புக்குப் போவோம். தன்னை வேட்டைக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். அவருடன் காட்டில் அலைந்த காலமெல்லாம் ஒரு மானாவது விழுந்து நான் காணவில்லை. எல்லாவற்றையும் அவர் சரிபார்த்து முடிப்பதற்குள் மான் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும்.

அவருடைய முதல் துவக்குக் கரிமருந்தில் சுடுவது. சுட்டால் புகை, அழுகின முட்டை நாற்றம். வீடு திரும்பியதும் குழலைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவ வேண்டும். அண்ணை கழுவியது குசினித் தொட்டியில். "மீன் கழுவுற இடத்திலயோ துவக்குக் கழுவுறியள்?" என்று அக்கா சத்தம் போடுவது தெருவுக்கே கேட்கும். குடும்பச் சமாதானத்துக்காகத்தான் அவர் புகையில்லா மருந்தைத் தேடத் தொடங்கினார்.

அங்கேதான் ஆபத்து இருந்தது. புகையில்லா மருந்து சுத்தமானதுதான். ஆனால் அது குழலுக்குள் எழுப்பும் அழுத்தம் வேறு. அதற்கென்று செய்யப்படாத துவக்கில் போட்டால் குழல் பிளந்து கையோ கண்ணோ போய்விடும். கிளப்பில் பீட்டர் என்றொரு நண்பர், தன் பழைய துவக்கில் அதைக் கொஞ்சம் போட்டுச் சுடுவதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லி, தன் அளவை எங்களுக்கும் தர வந்தார். அண்ணை சிரித்து நன்றி சொல்லி விலகிவிட்டார். காரில் ஏறியதும் என்னிடம், "ஒராளுக்கு எழுதின மருந்தை மற்றாளுக்குக் குடுக்கலாமோ, தம்பி? கொஞ்சமாக் குடுத்தாலும் அது பிழைதான்," என்றார்.

புகையில்லா மருந்துக்கென்றே செய்த துவக்கு ஒன்று கிடைக்கும்வரை காத்திருந்தார். அது வந்ததும் பழையதை விற்றார். "பாக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு மருந்தை ஒரே தட்டில வைக்கப்படாது," என்பது அவருடைய கடைச் சட்டம், வீட்டுக்கும் வந்துவிட்டது. துவக்கைச் செய்தவர்கள் பெயர் சொல்லி அனுமதித்த மருந்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கரிமருந்தைக் குவளையால் அளக்கலாம், இதைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். அவர்கள் சொன்ன மிகக் குறைந்த நிறையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றினார். இலக்கில் குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழத் தொடங்கியதும் ஏற்றுவதை விட்டுவிட்டார். இன்னும் கூட்ட இடமிருக்கிறதே, வேகம் வருமே என்று நான் ஆசைப்பட்டேன். "நோயாளி சுகமாயிட்டார். பிறகேன் மேல மருந்து?" என்றார்.

இந்த மருந்துப் பேச்சால் ஒருமுறை வினையும் வந்தது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "மருந்து கொஞ்சம் கூடினாலும் குழாய் வெடிச்சிடும்," என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அவருடைய கடை வாடிக்கையாளர் ஜெயசீலி அன்ரி. அன்றிலிருந்து அன்ரி பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார். செய்தி கேட்டு அண்ணை கடையைப் பாதியில் விட்டு ஓடினார். "அன்ரி, நான் சொன்னது துவக்குக் குழாய். உங்கட குழாய் இல்லை!" அன்ரி அசையவில்லை. "பார்மசிக்காரர் வாயாலயே சொன்னா நம்பாம என்ன செய்யிறது?" நல்லகாலம், அன்ரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு அண்ணை கோயிலில் 'வெடிமருந்து' என்று முழுதாகவே உச்சரித்தார்.

கடைசி வருடத்தில் அவருக்கு மறதி வந்தது. தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போடுவார். குளிசை எடுத்தாயிற்றா என்று அக்காவைக் கேட்பார், பதில் சொன்ன பிறகும் கேட்பார். ஆகவே அக்காவின் கேள்வி என்னை உலுக்கியது. நிறைந்திருக்கும் குழலுக்குள் நினைவு தப்பிய கை மறுபடி நிரப்பியிருந்தால்? அந்த மனிதரைப் பற்றி அப்படி நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் நினைத்துக்கொண்டுதான் கார் ஓட்டினேன்.

நான் போய்ச்சேர அவரைக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா தந்த திறப்பால் கராஜில் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். துவக்கு சாய்ந்திருந்தது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பெரிய திருகாணியைக் காணவில்லை. அது கழற்றி, எண்ணெய் துடைத்து, கீழே ஒரு துணியில் வைக்கப்பட்டிருந்தது. அது இல்லாவிட்டால் குழல் இரு பக்கமும் திறந்த வெறும் குழாய், சுடவே முடியாது. மருந்து வைக்கும் பெட்டியும் காலி.

கிளப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். போன மாதமே எல்லா மருந்தையும் அண்ணை கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டாராம். "தராசில் நிறுத்துப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. நிச்சயமில்லாதவன் மருந்து கொடுக்கக்கூடாது" என்று சொன்னாராம். அக்காவிடமோ என்னிடமோ ஒரு மூச்சு விடவில்லை.

கராஜ் நிலத்தில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு ஆறுதல். பிறகுதான் அழுதேன்.

அக்காவைக் கூப்பிட்டு, குழலை, வெளியே எலுமிச்சை நின்ற யன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவர் அந்தத் துவக்குக்குக் கிட்டவே வந்ததில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தேசிமரம் தெரியுது, தம்பி."

"ஓம் அக்கா. உள்ளுக்க ஒண்டுமில்லை."

குழலிலிருந்து கண்ணை எடுத்தார். "கடைசியில என்னைப் பயப்பிடுத்தாமப் போட்டார் மனுசன்," என்றார். அன்று காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார்.

அண்ணை, பின்னேரம் உங்கள் பேரப்பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நேரே கராஜுக்குள்தான் ஓடினார்கள். அவர்களை ஒருவரும் மறிக்கவில்லை. போயிட்டு வாங்கோ.