கொடிக்குள் ஒளிந்த இருவர்

றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்சரிவில் இறந்தவர்களின் நினைவாக, போன வருடம் மலை உச்சியில் வெள்ளைக் கொடி ஏற்றப் போனோம். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் படங்கு என்ற கனமான முரட்டுத் துணியைக் கட்டியிருப்போம். குளவி வந்தால் அதைத்தான் போர்த்திக்கொள்வோம். அன்று நல்ல சேலை உடுத்தியதால் யாரும் படங்கு கட்டவில்லை.

உச்சியில் ஒரு மரத்தடியில் நான் சாம்பிராணி போட்டேன். கிளையில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காதது என் தவறு. புகை மேலே போனதும் இரைச்சல் கேட்டது.

"குளவி! ஓடாதீங்க, படுங்க!" என்று கத்தினார் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. கையிலிருந்த பெரிய கொடியை விரித்து என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். துணிமேல் குளவிகள் மழைபோல் விழுந்தன.

"அக்கா, வீட்ல எம் புள்ளைங்க..."

"பேசாத. அசையாம கெட."

செத்தவர்களுக்குக் கொண்டுவந்த துணி எனக்கே கோடித்துணி ஆகிவிடுமோ என்று நினைத்தபடி அசையாமல் கிடந்தேன்.

எல்லோரும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது பெரிய காரியம்.

இந்த வருடம் நல்ல சேலைக்கு மேலே படங்கு கட்டிக்கொண்டு, மரம் மரமாக அண்ணாந்து பார்த்தபடி ஏறினேன். "என்னடி, கொழுந்தெடுக்கவா போற?" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். செல்வி அக்கா சிரிக்கவில்லை. அவர் இடுப்பிலும் படங்கு இருந்தது.