வெள்ளையம்மா கூட்டிச் சொன்ன ஒரு வரி

மலாயாவில் குளுவாங்கிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளையம்மாவின் குரலை அறியாதவர் கிடையாது. மரம் சீவிக்கொண்டே அவள் ஒரு நிரையிலிருந்து ஏதாவது கேட்டால், பத்து நிரை தள்ளி நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். அவள் கணவன் அர்ச்சுனன் சாதுவான ஆள். கொஞ்சம் மெதுவாகப் பேசு, பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கல்யாணமான நாள் முதல் சொல்லிப் பார்த்தான். தான் மெதுவாகத்தான் பேசுவதாக வெள்ளையம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

1934ஆம் ஆண்டு பங்குனி மாதம். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டி முடித்து, செம்பு நிறத்தில் துளிர்விட்டிருந்தன. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சபாபதி வாத்தியாருக்கு ஓர் ஆசை வந்தது. சித்திரை பிறந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தாய் தகப்பன்மார் எல்லோரையும் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளைப் பாடவும் படிக்கவும் ஓடவும் வைத்துப் பரிசு கொடுக்கவேண்டும். அவர் முத்து முத்தான எழுத்தில் மூன்று அறிவிப்புகள் எழுதி, கஞ்சிப் பசை தடவி, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் கடையிலும் கிணற்றடியிலும் ஒட்டினார்.

கிணற்றடிக் காகிதத்தை அன்றைக்கே ஆடு தின்றுவிட்டது. மற்ற இரண்டையும் ஜனங்கள் தூர நின்று பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ரப்பர் விலை விழுந்தபோது, இப்படி ஒரு காகிதம் ஒட்டித்தான் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பயம் போகவில்லை. மறுபடியும் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, ஒரு வீட்டில் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார்கள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் வாத்தியார் பதறிப்போனார். அன்று சாயங்காலமே வீரமுத்து கங்காணியைப் பார்த்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்குப் போய் லயம் லயமாகச் செய்தி சொல்ல யார் கிடைப்பார்கள் என்று கேட்டார். கங்காணி யோசிக்கவே இல்லை. கடைசி லயத்தில் வெள்ளையம்மா இருக்கிறாள், அவள் வாசலில் நின்று சொன்னாலே போதும், நடக்கக்கூட வேண்டாம் என்றார்.

இத்தனை நாள் எல்லோரும் குறை சொன்ன குரலை ஒருவர் தேடி வந்து கேட்டது வெள்ளையம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. வாத்தியாரை மூன்று தடவை படிக்கச் சொல்லி, ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள். தலையை வாரி முடிந்து, வெளுத்த சேலை கட்டிப் புறப்பட்டாள். முதல் லயத்துக்குப் போனதும், ஆள் குறைப்பு எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். ஜனங்கள் சிரித்தார்கள். கட்டிய பெட்டியை அவிழ்த்தார்கள். நாலு லயத்தையும் சுற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, மகள் தனலெட்சுமி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தனலெட்சுமிக்கு எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். தோட்டத்தில் முக்கால்வாசிப் பெண்பிள்ளைகளின் பாடும் அதுவே. பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பையன்களும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண் ஒருத்தியும் மட்டுமே படித்தார்கள். மகள் தன்னைப் பார்த்தபடி, தான் சொல்லிய வாசகத்தை உதட்டுக்குள் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பதை வெள்ளையம்மா கண்டாள். வாத்தியார் மூன்று தடவை படித்துத் தனக்கு ஏறியது, பிள்ளைக்குக் கேட்ட மாத்திரத்தில் ஏறியிருந்தது.

வெள்ளையம்மா திரும்பினாள். சுற்றி வந்த லயங்களுக்கெல்லாம் மறுபடியும் போனாள். வாத்தியார் சொல்லாத ஒரு வரியைச் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் போவாத பொண்ணு பிள்ளைங்களும் வரணுமாம். கைப்பிள்ளைய தூக்கிக்கிட்டே வரலாமாம். வாத்தியார் சொன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது. பெரிய கிராணியார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அப்பன்மார் முழுக்கைச் சட்டையிலும், அம்மாமார் வருஷப் பிறப்புக்கு எடுத்த சேலையிலும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினேழு பெண்பிள்ளைகள், இடுப்பில் பதினேழு குழந்தைகளோடு வரிசையாக நுழைந்தார்கள். பையன்கள் பாட எழுந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவையெல்லாம் அழுதன. பாட்டு யார் காதிலும் விழவில்லை. இது பள்ளிக்கூடமா, தொட்டில் கட்டுகிற இடமா என்று கிராணியார் கேட்டார்.

வாத்தியார் வெள்ளையம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "நான் இப்படிச் சொல்லலையேம்மா."

"நீங்க சொல்லலைங்க. நான்தான் உங்க பேரைச் சேர்த்துச் சொன்னேன்." முதல் தடவையாக அவள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது. "எம்பொண்ணு ஒரு தடவ கேட்டதை அப்படியே சொல்லுதுங்க. அதுக்கு உள்ள வர ஒரு வழி வேணும்ல."

வாத்தியார் தனலெட்சுமியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நடுவில் போய் நின்று, தாய் தகப்பன்மார் அவரவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். குழந்தைகள் கை மாறின. அழுகை அடங்கியது. அடுத்தது ஓட்டப் பந்தயம் என்றார். பையன்கள் கோட்டுக்குப் போனார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் பெண்பிள்ளைகள் ஓடட்டும் என்றார்.

பதினேழு பேரும் கோட்டில் நின்றார்கள். காலியான கைகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தனலெட்சுமி பழக்கத்தில் இடுப்பை ஒருபுறம் சாய்த்தே நின்றாள். வாத்தியார் விசில் ஊதினார். நாலடி கோணலாக ஓடியவள் பிறகு நிமிர்ந்தாள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடியே ஓடினாள். ஐந்தாவதாகத்தான் வந்தாள். நின்றால் தீர்ந்துபோய்விடும் என்பதுபோல, கோட்டைத் தாண்டியும் பலாமரம் வரை ஓடிவிட்டுத்தான் திரும்பினாள். அர்ச்சுனன் மடியில் மகனை வைத்துக்கொண்டு, தன்னை மறந்து கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்படிக் கத்த வரும் என்பது அன்றைக்குத்தான் வெள்ளையம்மாவுக்குத் தெரிந்தது.

சிலேட்டும் பலப்பமும் பரிசாகக் கொடுத்து முடித்ததும் வாத்தியார் ஒன்று சொன்னார். நாளையிலிருந்து, அம்மாமார் வேலை முடிந்து வந்தபிறகு, மத்தியானம் இரண்டு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அவர் மெல்லிய குரலில் சொன்னது பின்வரிசையை எட்டவில்லை. அவர் வெள்ளையம்மாவைப் பார்த்தார்.

"இதையும் நீங்களே சொல்லிடுங்கம்மா."

"உள்ளபடி சொல்லவா, கூட்டிச் சொல்லவாங்க?"

"உள்ளபடியே சொல்லுங்க."

கிராணியார்கூடச் சிரித்துவிட்டார். வெள்ளையம்மா எழுந்து நின்று உள்ளபடியே சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பதினாலாயிற்று. மறுவருஷம் தோட்டத்துத் துரை பலகையும் கூரைத் தகரமும் கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை கட்டிக்கொடுத்தார். கிராணியார் எழுதிய கடிதம்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு பெண்பிள்ளைகள் காலையிலேயே பையன்களோடு உட்கார்ந்து படித்தார்கள். தனலெட்சுமி இரண்டே வருஷத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்களை லயத்து ஜனங்களுக்குப் படித்துச் சொல்லத் தொடங்கினாள். மரணச் செய்தியாக இருந்தால் எப்படி மெல்லச் சொல்வது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளையம்மா மட்டும் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. மகள் சிலேட்டைக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது, தன் பெயரை எழுதுகிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள். "வெள்ளையம்மா" என்று கோணல் மாணலாக எழுதி முடித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிலேட்டை அப்படியே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்து, உலை வைத்தாள்.