மணல் அள்ளச் செய்த கரண்டி

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் தொலைந்த காசு, மோதிரம் தேடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அதற்காக வீட்டுப் பின்பக்கத்துப் பட்டறையில் நானே ஒரு மணல் கரண்டி செய்தேன். பழைய எவர்சில்வர் வாளியில் டிரில் போட்டு நெருக்கமாக ஓட்டைகள். பிடிக்கு ஒரு குழாயை வெல்டிங் வைத்தேன். மணல் ஒழுகிவிடும், பொருள் தங்கிவிடும்.

அந்த மாதமே மாமியார் இறந்தார். வீங்கிய மூக்கிலிருந்து வைர மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை. அதோடேயே எரித்தோம். மறுநாள் பால் தெளிக்கக் கிளம்பும்போது மச்சினன் சொன்னான்: "மாமா, அந்தக் கரண்டிய எடுத்துக்குங்க."

உடம்பு கூசியது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

சுடுகாட்டில் சாம்பலை அள்ளி அள்ளிச் சலித்தேன். எலும்புகள்தான் தங்கின. மச்சினனுக்கு எரிச்சல். "அதெல்லாம் அந்தாண்ட கொட்டுங்க மாமா, அப்புறம் பொறுக்கிக்கலாம்."

அவனைப் பெற்றவளின் எலும்பைக் கொட்டினேன். கடைசியில் மூக்குத்தி கிடைத்தது, கருகி, கல் மங்கி. "சூப்பர் மாமா!" என்று தோளைத் தட்டினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்த வாரம் அடுத்த தெருக்காரர் வந்தார்.

"அப்பாவ ஆஸ்பத்திரில வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காரு. அவருக்குத் தங்கப் பல்லு கட்டியிருக்கு. அந்தக் கரண்டி கெடைக்குமா?"

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தால் அந்தப் பல் தெரியச் சிரிப்பார். வந்தவரை நான் திட்டித் துரத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதில் நான் சொன்னதை வேறு யாராவது சொல்லியிருந்தால் மனுஷனா என்று கேட்டிருப்பேன்.

"எத்தன பல்லு?"