ஃப்ராவ் கோர்ன் விற்ற நூற்றுப்பன்னிரண்டு காற்சட்டைகள்

ஹோல்ஸ்வைலர் என்ற அந்த நிலக்கரி ஊர், மேற்கு ஜேர்மனியில் ஆஹென் நகரத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். அங்கே மூடிப்போன ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்து, அதற்குள் பல்பொருள் அங்காடி திறந்தவர் பெய்லா கோர்ன். ஊர்க்காரருக்கு அவர் ஃப்ராவ் கோர்ன், அதாவது கோர்ன் அம்மா. திறந்த புதிதில் ஊரில் ஒருவரும் அதை அங்காடி என்று ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் தரை. படம் பார்க்க வசதியாகத் திரையை நோக்கிச் சரிந்த தரை அது. நாற்காலிகளைக் கழற்றி விற்றவர்கள் சரிவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சில்லு வைத்த உடுப்புத் தாங்கிகள், கையை எடுத்தால் தாமாகவே திரைப் பக்கம் ஓடின. பிள்ளை வண்டிகளும் ஓடின. வேறொருவர் என்றால் மேசனைக் கூப்பிட்டிருப்பார். பெய்லா விலை கூடிய குளிர்கோட்டுகளையெல்லாம் சரிவு முடிகிற இடத்தில் தொங்கவிட்டார். வாடிக்கையாளர் எப்படியும் அங்கேதானே வந்து சேரவேண்டும்.

பால்கனியில் சட்டி, பானை, படுக்கை விரிப்பு. படம் ஓட்டும் அறை அவருடைய அலுவலகம். படம் வெளியே போகிற சதுர ஓட்டை வழியாகக் கடை முழுவதையும் பார்ப்பார். பழைய ஒலிபெருக்கி இன்னும் வேலை செய்தது. "நீலத் தொப்பி போட்ட ஐயா, அந்தக் கோட்டு உங்களுக்குப் பொருந்தாது, பக்கத்தில் இருப்பதை எடுங்கள்" என்று கூரையிலிருந்து குரல் வரும். கடவுள் பேசுகிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றியவர்களும் உண்டு.

வாசலில் சிவப்பு விளக்கில் 'கோர்ன்' என்று எழுதியிருந்தது. அது அவருடைய குடும்பப் பெயர். ஜேர்மன் மொழியில் தானியத்துக்கும் அதே சொல், தானியத்தில் வடிக்கும் மலிவான சாராயத்துக்கும் அதே சொல். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் தாகத்தோடு வந்தவர்கள். அவர்களில் பலர் கையுறையோடு திரும்பிப் போனார்கள்.

குணேஸ்வரி இந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தது 1984 கார்த்திகையில். கோப்பாயில் தையல் ரீச்சராக இருந்தவள். கணவர் சிவகுருநாதனோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஹோல்ஸ்வைலரில் பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதி ஒன்றில் இரண்டாம் மாடியில் இருந்தாள். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அந்த நகரசபை உடுப்புக்குக் காசு கொடுப்பதில்லை, கூப்பன்தான். சதுக்கத்தில் இருந்த பெரிய கடை, கூப்பன்காரரைச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும், சாமான் இறக்கும் பின்வாசல் வழியாக விட்டது. பெய்லா கோர்ன் நகரசபைக்குப் போய், கூப்பன் எடுக்கும் உரிமை தனக்கும் வேண்டும் என்று மூன்று நாள் அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய கடையில் எல்லா நாளும் முன்வாசல்.

சீலைக்குக் கீழே இரண்டு சோடி காலுறையும் செருப்புமாக வந்து நின்ற குணேஸ்வரியைப் பார்த்து, ஓட்டைக்குப் பின்னாலிருந்து பெய்லாவே இறங்கி வந்தார். கூப்பனில் ஒரு கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு காற்சட்டை என்று இருந்தது.

"காற்சட்டை எனக்கு வேண்டாம். நான் போடுறதில்லை" என்றாள் குணேஸ்வரி. "தடிப்பான துணி இருந்தால் தாங்கோ. உள்பாவாடை தைக்க வேணும். குளிர் கீழாலதான் ஏறுது."

அவள் பேசியது அரைகுறை ஜேர்மன். மாறாக பெய்லா பேசிய ஜேர்மன், அந்த ஊரில் எவரும் கேட்டிராத பழங்கால ஜேர்மன். தமிழில் சொல்வதானால் மேடைத்தமிழ்.

"அம்மணி, தங்கள் கோரிக்கை நியாயமானது. ஆயினும் இப்பத்திரத்தில் உள்பாவாடை என்ற சொல் இல்லை" என்றார் பெய்லா. பிறகு நாலரை மீற்றர் ஃபிளானல் துணியை வெட்டிச் சுருட்டி அவள் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டில் 'பெண்கள் காற்சட்டை, இரண்டு' என்று அழகாக எழுதினார். "தங்கள் பெயர்?"

"குணேஸ்வரி."

"நீளம். கூனி என்று அழைக்கிறேன்."

"கூனி எண்டால் எங்கட பாசையில முதுகு வளைஞ்சவள்."

"அப்படியானால் நிமிர்ந்து நில்லுங்கள்."

அடுத்த வாரம் விடுதியிலிருந்து ஐந்து தமிழ்ப் பெண்கள் ஃபிளானல் 'காற்சட்டை' கேட்டு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆஹெனிலிருந்தும் வந்தார்கள். தைத்துக் கொடுத்தது குணேஸ்வரி. அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் சிநேகிதிக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஜேர்மனியில் இல்லை. சிநேகிதிகள் கூடிக்கொண்டே போனார்கள்.

பெய்லாவின் கதை குணேஸ்வரிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. பிறந்தது கிழக்கு ஐரோப்பாவில், செர்னோவித்ஸ் என்ற ஊரில். தகப்பன் பொத்தான் வியாபாரி, வீட்டில் ஜேர்மன்தான் பேசினார்கள். பதினான்கு வயதில், யுத்தத்தின்போது, ஜேர்மன் படையும் அதன் கூட்டாளிகளும் அவரை மற்ற யூதக் குடும்பங்களோடு ஆற்றுக்கு அப்பால் முகாமுக்கு நடத்திக்கொண்டுபோனார்கள். தகப்பனும் தம்பியும் திரும்பி வரவில்லை. பிறகு சோவியத் ஆட்சியில் இருபத்தேழு வருடம் அரசாங்கக் கடையில் விற்பனையாளர்.

"விற்க என்ன இருந்தது?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்வதற்கே என்னை நியமித்திருந்தார்கள்."

பிறகு இஸ்ரேல், மூன்று வருடம். வெயில் தாங்கவில்லை. கணவருக்கு வெயில் பிடித்திருந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். பெய்லா பொத்தான் பெட்டி ஒன்றோடு ஜேர்மனிக்கு வந்து சந்தைகளில் கடை விரித்தார். பொத்தான், பிறகு மார்க்கச்சை, பிறகு தியேட்டர்.

"உங்களுக்கு இவ்வளவு செய்த சனத்துக்குள்ள எப்படி வந்து இருக்க மனம் வந்தது?" என்று ஒருநாள் குணேஸ்வரி கேட்டேவிட்டாள்.

"இங்கே மழை பெய்கிறது, கூனி. மழை பெய்யும் நாட்டில் கோட்டு விற்கலாம்" என்றார் பெய்லா. பிறகு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "நான் எங்கே வாழ்வது என்று தீர்மானிக்க அவர்களை இரண்டாம் முறையும் விட மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமையில் யூதர் வேலை செய்யக்கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு, கடை திறந்தால் ஆண்டவர் கோவிக்க மாட்டாரா என்று இன்னொரு நாள் குணேஸ்வரி கேட்டாள்.

"கோபித்தால் நேரில் வரட்டும். எனக்கும் அவரிடம் 1941இலிருந்து சில கேள்விகள் உண்டு. வரிசையில் வரச் சொல்."

"எங்கட முருகனும் எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில லீவிலதான் நிண்டவர்" என்றாள் குணேஸ்வரி. இரண்டு பெண்களும் சிரித்ததில் சிகரெட் சாம்பல் கணக்குக் கொப்பியில் விழுந்தது.

1986இல் குணேஸ்வரிக்கு வேலை அனுமதி கேட்கலாம் என்ற நிலை வந்தது. ஒரு நிபந்தனை. அந்த வேலையைச் செய்ய ஊரில் ஜேர்மன்காரர் எவரும் இல்லை என்று காட்டவேண்டும். பெய்லா விண்ணப்பத்தை எழுதினார்: சேலை உடுத்திவிடத் தெரிந்த, உள்பாவாடை தைக்கத் தெரிந்த, தமிழ் பேசும் விற்பனையாளர் தேவை. இதற்கு யார் வரப்போகிறார்கள் என்று சிவகுருநாதன்கூட நம்பிக்கையாக இருந்தார். வேலை அலுவலகம் ஆளை அனுப்பிவிட்டது.

வந்தவர் யூப் ஷ்மிட்ஸ். ஐம்பது வயது. சுரங்கம் மூடியதால் வேலை இழந்தவர். கதவு அளவு தோள். வராவிட்டால் உதவிப்பணத்தை வெட்டிவிடுவார்கள் என்று வந்திருந்தார்.

"தமிழ் பேசுவீர்களா?" என்று கேட்டார் பெய்லா.

"இல்லை."

"பரவாயில்லை. சேலை உடுத்திக் காட்டுங்கள்."

குணேஸ்வரி பன்னிரண்டு முழச் சீலை ஒன்றை நீட்டினாள். யூப் அதன் ஒரு நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். சரிவில் நின்று சுற்றினார் என்பதுதான் பிழை. இரண்டாம் சுற்றில் கால் சிக்கியது. மூன்றாம் சுற்றில் மனிதர் சீலையும் தானுமாகக் கோட்டுகளுக்குள் போய் மறைந்தார். சத்தமில்லை. ஓடிப்போய்க் கோட்டுகளை விலக்கிப் பார்த்தால், நிலத்தில் கிடந்தபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடிய பிறகு சிரித்தது இதுதான் முதல் தரம் என்றார். இந்த வேலைக்குத் தான் தகுதியற்றவர் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

குணேஸ்வரிக்கு அனுமதி கிடைத்தது. பெய்லா யூப்பையும் வேலைக்கு எடுத்தார். உடுப்புத் தாங்கிகளைச் சரிவில் மேலே தள்ள அப்படிப்பட்ட தோள்தான் தேவைப்பட்டது.

பிரச்சினை அடுத்த வருடம் வந்தது. நகரசபையில் ஹெர் ப்ரூக்மான் என்ற மெலிந்த அதிகாரி பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தாறு தமிழ்ப் பெண்கள், ஆளுக்கு இரண்டாக நூற்றுப்பன்னிரண்டு காற்சட்டை வாங்கியிருந்தார்கள். ஆனால் ஊரில் ஒரு தமிழ்ப் பெண்ணைக்கூட அவர் காற்சட்டையோடு கண்டதில்லை. தோல்பையோடு கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம், கடை நிறையச் சனம்.

"அந்தக் காற்சட்டைகள் எங்கே?" என்று கேட்டார்.

"அணிந்திருக்கிறார்கள்" என்றார் பெய்லா.

"நான் காணவில்லையே."

"சேலைக்கு உள்ளே."

"அதை எப்படி உறுதிப்படுத்துவது?"

பெய்லா படியேறிப் போனார். கூரையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களே. நகரசபையிலிருந்து வந்திருக்கும் ஹெர் ப்ரூக்மான் பெண்களின் ஆடைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறார். சம்மதமுள்ள பெண்கள் அவரிடம் வரவும்."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி குடையைத் தூக்கினாள். ஹெர் ப்ரூக்மான் பின்னால் ஓரடி வைத்தார், அது சரிவு என்பதை மறந்து. யூப்தான் பிடித்து நிறுத்தினார். கடையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு விலை இருந்தது. பத்து நாளில் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை கோர்ன் கடை கூப்பன் எடுக்க ஏலாது. தமிழ்ப் பெண்கள் மறுபடியும் செவ்வாய்க்கிழமைகளில் பெரிய கடையின் பின்வாசலில் நின்றார்கள். இன்னொரு கடிதமும் வந்தது, பெயரில்லாதது. யூதச்சியும் அவளுடைய கறுப்பர்களும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இப்படியான கடிதங்களுக்குப் பிறகு என்ன வரும் என்று குணேஸ்வரிக்குத் தெரியும். பெய்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழை திருத்தினார். பதினொரு பிழை. கீழே 'மிகவும் சுமார், திரும்ப எழுதவும்' என்று குறித்து வாசல் கண்ணாடியில் உள்ளிருந்து ஒட்டினார். அன்று யூப் பின்னேரம் வீட்டுக்குப் போகாமல், கடை பூட்டும்வரை வாசலிலேயே நின்றார்.

"எல்லாம் என்னால வந்தது" என்றாள் குணேஸ்வரி அன்றிரவு கணவரிடம். "பேசாமல் அண்டைக்குக் காற்சட்டையை வாங்கியிருக்கலாம்."

"வாங்கிப் போட்டிருப்பீரோ?" என்று கேட்டார் சிவகுருநாதன்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது.

மாசி மாதம், கூப்பன் கொடுக்கும் நாளன்று, நகரசபைக் காத்திருப்பு அறைக்குப் பத்தொன்பது தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் பெரிய கடையில் கொடுத்த காற்சட்டையைச் சட்டப்படி அணிந்திருந்தார்கள். சீலைக்கு மேலே. பன்னிரண்டு முழச் சீலையும் ஃபிளானல் பாவாடையும் காற்சட்டைக்குள் திணிபட்டு, ஒவ்வொருவரும் இரண்டு தலையணையை விழுங்கியவர் மாதிரி இருந்தார்கள். உட்கார ஏலாமல் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். ஜெயமலர் என்ற பிள்ளைத்தாய்ச்சி கதவுக்குள் நுழையவே பக்கவாட்டில் திரும்பவேண்டியிருந்தது. அந்நேரம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரும் அங்கே நின்றார். அவருக்கு யார் சொன்னது என்று பெய்லா கடைசிவரை சொல்லவில்லை.

ஹெர் ப்ரூக்மான் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"காற்சட்டை தெரியுதோ, ஐயா?" என்று குணேஸ்வரி மூடிய கதவைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்.

பங்குனியில் புதுப் பட்டியல் வந்தது. 'காற்சட்டை இரண்டு' என்றிருந்த இடத்தில் 'காற்சட்டை, அல்லது அவரவர் நாட்டு வழக்கிலுள்ள கீழாடை, இரண்டு' என்று இருந்தது. கோர்ன் கடைக்கு உரிமை திரும்பக் கிடைத்தது. விசாரணை என்ன ஆனது என்று எவரும் எழுதவில்லை. பெய்லா அந்தப் பட்டியலைக் குணேஸ்வரிக்குத் தன் மேடை ஜேர்மனில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். பிறகு முதன்முறையாக அவளைக் 'குணேஸ்வரி' என்று முழுதாகக் கூப்பிட்டார். அடுத்த நாள் பழையபடி கூனிதான்.

1989 ஐப்பசியில் பக்கத்துக் கட்டடத்தையும் எடுத்து, இடைச்சுவரை உடைத்துச் சப்பாத்துப் பகுதி திறந்தார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் குணேஸ்வரி. பெண்கள் சப்பாத்துக்காக ஆஹெனிலிருந்துகூட பஸ் பிடித்து வருவார்கள் என்றார் பெய்லா. இப்போது அதை அங்காடி இல்லை என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

திறப்பு நாள் காலையில், கதவு திறக்க முன்பு, பெய்லா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முதல் வியாபாரம் என்னோடு. அளவு எடு" என்று காலை நீட்டினார். ஐந்து வருடத்தில் அவர் குணேஸ்வரிக்கு முன்னால் காலுறை கழற்றியது அன்றுதான். இடது காலில் கடைசி இரண்டு விரல்களும் இல்லை. அவை இருந்த இடத்தில் தோல் வழவழப்பாக மினுங்கியது.

குணேஸ்வரி அளவுக்கட்டையைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தாள்.

"பனி. ஆற்றுக்கு அப்பால்" என்றார் பெய்லா. "ஒவ்வொரு கடையிலும் இந்தக் காலுக்குப் பஞ்சு அடைத்துத்தான் தருவார்கள்."

குணேஸ்வரி எழுந்து போய், ஒரே மாதிரிச் சப்பாத்தில் இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றிலிருந்து வலது, அளவு சிறிய மற்றதிலிருந்து இடது. இரண்டையும் போட்டு நாடாவைக் கட்டிவிட்டாள். பெய்லா எழுந்து நடந்து பார்த்தார். பஞ்சு தேவைப்படவில்லை.

"மீதி இரண்டையும் என்ன செய்வாய்? பெரிய இடதும் சிறிய வலதும்?"

"வைச்சிருப்பம். வலது கால்ல விரல் இல்லாத ஆள் ஒண்டு வரும்" என்றாள் குணேஸ்வரி. "எங்கட நாட்டில இருந்து இப்ப நிறையப் பேர் வருகினம்."

பெய்லா கோர்ன் அவளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே சனம் கண்ணாடியைத் தட்டியது. புதுச் சப்பாத்து கிறீச்சிட பெய்லாவே போய்க் கதவைத் திறந்தார்.