நடை வேகத்தில் ஒரு ரேஸ் எஞ்சின்

மயானத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்ததும் அழகரத்தினம் முதலில் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றுவார். மடிப்புக் கலையாமல் அதை ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கொளுவியில் மாட்டிவிட்டு, பனியனோடு ஏறி, கண்ணாடியை இறக்கி, கல்முனை வீதிக்கு வருவார். அதன் பிறகு நடப்பது செட்டிபாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளிப் பூவேலை, கூரையில் நான்கு குட்டிக் கோபுரங்கள் என்று நீளமாகக் கிடக்கும் அந்த அமரர் ஊர்தி, ஓர் உறுமலோடு எழும்பும். முன்னால் போகிற பஸ்ஸை எட்டிப் பிடித்து முந்திக்கொண்டு போகும். பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.

"போகக்குள்ள மரியாத. வரக்குள்ள காத்து," என்பார் அவர். "ஆள இறக்கியாச்சி. இனி ஆருக்காக மெல்லமாப் போற?"

ஐம்பத்தைந்து வயது. நெடிய, ஒடிசலான உடம்பு. முன்பு அரிசி ஆலை லொறி ஓட்டினார். பாரம் ஏற்றிய லொறிக்கும் பிரேதம் ஏற்றிய வாகனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "மூட்டைக்கு முன்னால ஆரும் அழுதுகொண்டு நடக்கிறல்லயே," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஊர்தியின் ஹோனைக் கழற்றி எறிந்துவிட்டார். வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்டி இருமுவார். செத்தவீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவுடன் பக்கக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். "அவங்கட கடைசிப் பயணம். டிரைவர் பரட்டையா இரிந்தா வடிவில்ல." அவருடைய மனைவி இரத்தினம்மா வீட்டிலேயே மலர்வளையம் கட்டுகிறவர். ஒரே வீட்டிலிருந்து வாகனமும் பூவும் போவதால், நடுச்சந்தியில் இவர்கள் இருவரும் சேர்ந்து நின்று யாரையாவது பார்த்துச் சிரித்தால், சிரிப்பை வாங்கியவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த உறுமலுக்கு ஒரு கதை உண்டு. நாட்டுக்குள் புது வாகனம் எதுவும் வராமல் நின்றிருந்த வருடங்களில், ஊர்தியின் பழைய எஞ்சின் ஒரு நாள் புகையைக் கக்கிவிட்டு அடங்கிப்போனது. அலைந்து திரிந்ததில் அவருக்கு வாய்த்தது ஒரே ஓர் எஞ்சின்தான். கொழும்பில் எவனோ ஒரு பணக்காரப் பொடியன் ரேஸ் ஓடுவதற்காகத் திருத்தி எடுத்து, மதிலில் மோதி முடித்த காரின் எஞ்சின். காற்று உள்ளே போகும் வாயைப் பெரிதாக்கியிருந்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றியிருந்தான். எரிபொருளை அளந்து கொடுக்கும் கொம்பியூட்டருக்கும் தன் இஷ்டத்துக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தான்.

"செத்தவரக் கொண்டு போறத்துக்கு ரேஸ் எஞ்சினா?" என்று இரத்தினம்மா தலையில் கை வைத்தார். "என்னத்துக்கு? அங்க போய் ஆரும் இடம் புடிக்கவா?"

ஓட விட்டால் அந்த எஞ்சின் தேன். ஆனால் அமரர் ஊர்தியின் உண்மையான வேலை ஓடுவதில் இல்லை. ஓடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அழுகிறவர்களின் நடைக்கு, பறை மேளத்தின் நடைக்கு, கிளச்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டும். அக்சிலேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தானாக ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால்தான் அது முடியும். இந்த எஞ்சினுக்கு அது மட்டும் தெரியாது. சூடேறியதும் அதன் ஓட்டம் விழும், ஏறும், மறுபடி விழும். தூக்கத்தில் மூச்சுத் திணறுகிற மனிதனைப் போல ஒரு கணம் அடங்கி, மறுகணம் திடுக்கிட்டு எழும்பும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அழகரத்தினம் பிளக் மாற்றினார். வயர் மாற்றினார். அடங்கிப் போகாமல் இருக்கட்டும் என்று ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தை உயர்த்தியும் வைத்தார். அதுதான் வினையாகப் போனது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இறுதி ஊர்வலம். ஊரே திரண்டிருந்தது. மூத்த மகன் கொள்ளிக்குடத்தோடு பம்பருக்கு முன்னால் நடந்து கொண்டிருந்தார். மயானத்துக்குத் திரும்பும் மணல் ஒழுங்கையில் எஞ்சின் ஒரு கணம் அடங்கியது. அழகரத்தினம் கிளச்சை விட்டுக்கொடுத்த அதே நொடியில் அது உறுமிக்கொண்டு எழும்ப, வண்டி ஒரு முழம் பாய்ந்தது. பம்பர் மகனின் முழங்காலுக்குப் பின்னால் தட்டியது. அவர் குப்புற விழவில்லை; ஆனால் கொள்ளிக்குடம் விழுந்து உடைந்து நெருப்புச் சிதறியது. பெண்களின் ஒப்பாரி அலறலாக மாறியது. அத்தோடு எஞ்சினும் நின்றுபோனது. எத்தனை தரம் சாவியைத் திருகியும் அது எழும்பவில்லை. பொடியன்மார் பின்னால் நின்று தள்ள, ஆசிரியர் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அழகரத்தினம் சட்டையைக் கழற்றவில்லை. பஸ்ஸையும் முந்தவில்லை.

மறுநாள் மரண உதவிச் சங்கத் தலைவர் இளையதம்பி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர். "அண்ணன், கோவிக்கக் கூடா. உங்கட வாகனத்துக்கு முன்னால நடக்கிற ஆளுக்கும் ஒரு பெட்டி செஞ்சி வைக்க வேண்டிக் கிடக்கு. இனி நாங்க வெளியூரில இரிந்து எடுக்கப் போறம்."

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டுக்கும் வேற்றூர் வாகனம் வந்தது. இரண்டு முறையும் அழகரத்தினம் வீட்டு வேலிக்குப் பின்னால் நின்று அது போவதைப் பார்த்தார். "கிளச்ச வெட்டி வெட்டி விடுறான்," என்று முணுமுணுத்தார். "உள்ள கிடக்கிறவருக்கு இடுப்பு நோகும்." இரத்தினம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இஞ்ச பாருங்க, வேலிக்குள்ளால பாத்தா எஞ்சின் சரிவருமா? அந்தக் காத்தான்குடிப் பொடியனிட்டக் கொண்டு போங்க," என்றார்.

காத்தான்குடிப் பொடியன் என்பது நாற்பதைத் தாண்டிய இர்ஷாத். கட்டாரில் பன்னிரண்டு வருடம், மணல் மேட்டில் கார் ஏற்றும் அரபிகளுக்கு எஞ்சின் திருத்திவிட்டு ஊருக்கு வந்து கராஜ் போட்டவர். ஊர்தி உள்ளே வந்ததும் கலிமாச் சொல்லிக்கொண்டு எழும்பி, பெட்டி வைக்கும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். எஞ்சினைச் சூடேற்றி, அது விழுந்து எழும்புவதைக் காது கொடுத்துக் கேட்டார்.

"அண்ணன், இதுக்குள்ள எங்கயோ களவாக் காத்துப் போகுது. கொம்பியூட்டருக்குத் தெரியாமப் போகுது. அது பாவம், கணக்குப் பிழைச்சி, பெற்றோலக் குறைக்கிதி, மறுகா கூட்டுதி. அதுதான் இந்தத் துள்ளல். சூடானாத்தான் அந்த ஓட்டை வாயத் திறக்குது. கட்டார்ல இரிந்தா ஒரு மெசினால உள்ளுக்குப் புகை அடிச்சிப் பாப்பம். ஓட்டை எங்கயோ அங்கால புகை வரும். இஞ்ச அது இல்ல."

"புகைதானே தம்பி வேணும்?" என்றார் அழகரத்தினம். ஊர்தியின் பின்கதவைத் திறந்து சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இர்ஷாத் சட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் வேலை நடந்தது. மூடியுள்ள ஒரு பால்மாத் தகரத்துக்குள் தணலையும் சாம்பிராணியையும் போட்டு, ஒரு பக்கம் காற்றடிக்கும் பம்பையும் மறுபக்கம் எஞ்சினுக்குப் போகும் குழாயையும் மாட்டினார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு, அழகரத்தினம் பம்பை மிதிக்கத் தொடங்கினார். கராஜ் முழுக்கச் சாம்பிராணி வாசம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ரேஸ் பொடியன் பெரிய வாயைப் பொருத்துவதற்காக இடையில் வைத்திருந்த உலோகத் தட்டின் அடியிலிருந்து, ஒரு நூல் போல வெள்ளைப் புகை கசிந்தது.

"ஆ! வந்திட்டாரு!" என்று இர்ஷாத் கை தட்டினார். தட்டைக் கழற்றிப் பார்த்தால் அது மெல்ல வளைந்திருந்தது. பொடியன் அதற்கடியில் வைத்திருந்தது ஏதோ ஒரு காகிதப் பெட்டியில் வெட்டிய மட்டை. அதைச் சமமான ஒரு கண்ணாடியின் மேல் அரத்தாளை விரித்துத் தேய்த்து நேராக்கி, கசிவை அடைக்கும் நல்ல மட்டை வைத்து இறுக்கினார். எஞ்சின் துள்ளுவது நின்றது. ஆனால் ஒரு குலுக்கம் மிச்சமிருந்தது.

"காய்ச்சல் விட்டிட்டு. குளிர் நடுக்கம்தான் மிச்சம்," என்றார் இர்ஷாத். "அது அந்த ரேஸ் கேம்மால வாறது. கழட்டிப்போட்டுச் சாதாரணமான ஒண்டப் போட்டா நாளைக்கே கொண்டு போகலாம்."

அழகரத்தினம் தலையைச் சொறிந்தார். "அதக் கழட்டினா... வரக்குள்ள அந்த இழுவை இரிக்குமா?"

"இரிக்காது."

"அப்ப வேணாம் தம்பி. போறத்துக்கு அவங்கட ஆசை, வாறத்துக்கு என்ட ஆசை. ரெண்டும் வேணும்."

இர்ஷாத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பன்னிரண்டு வருசம் என்னட்ட வந்தவனெல்லாம் ஓட வை, ஓட வை எண்டுதான் வந்தான். ஓடாம நிக்க வை எண்டு வந்த முதல் ஆள் நீங்கதான் அண்ணன். செய்வம்."

அது எளிதாக இருக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்து இர்ஷாத் லெப்டொப்பை மாட்டுவார். வால்வு இடைவெளியை ஒவ்வொன்றாகச் சரி பார்ப்பார். தீப்பொறி விழும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னுக்குக் கொண்டுபோவார், பின்னுக்குக் கொண்டுவருவார். எரிபொருளைக் கொஞ்சம் கூட்டுவார், குறைப்பார். ஒவ்வொரு முறையும் அழகரத்தினம் பெட்டியின் இடத்தில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கராஜ் வளவைச் சுற்றி நடை வேகத்தில் வருவார். "இன்னும் இரிக்கி," என்பார். "இப்ப எப்பிடி?" "இன்னும் இரிக்கி." ஒரு நாள் இருவரும் கோபித்துக்கொண்டு பேசாமல் பிளேன்டீ குடித்தார்கள். அடுத்த நாள் இரத்தினம்மா கொடுத்தனுப்பிய கச்சான் கடலையை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள்.

ஒரு பின்னேரம் அழகரத்தினம் வளவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார். ஓட்டத்தைக் காட்டும் மானியின் முள்ளைப் பார்த்தார். முகத்தைச் சுழித்துக்கொண்டு கண்ணாடியை விரலால் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"தம்பி, இந்த மீட்டரும் பழுதாப் போச்சி. அசையிதில்ல."

இர்ஷாத் சன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். லெப்டொப்பையும் பார்த்தார். மெல்லச் சொன்னார்: "பழுதில்ல அண்ணன். முள்ளு ஆடாம நிக்கிது."

அழகரத்தினம் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தபடி, பிரேதம் ஏற்றும் வாகனத்துக்குள் இருந்து, அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூவல் போட்டார்.

ஆனால் கராஜ் வளவில் சரிவந்தது ஊருக்குத் தெரியவேண்டுமே. அதற்கு வழி கண்டுபிடித்தது இரத்தினம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். "நான் முன்னால நடக்கன். நீங்க பின்னால வாங்க."

"உனக்குப் பயமில்லையா?"

"முப்பது வருசமா உங்களுக்கு முன்னால நடக்கன். இதுவரைக்கும் முட்டல்ல."

வெற்று ஊர்தி அவருக்குப் பின்னால் தெருவில் வந்ததும் இருபுறத்துக் கடைக்காரரும் எழும்பி நின்றார்கள். பாதிக் கதவைச் சாத்தினார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். "ஆரு போனது?" என்று ஒவ்வொரு படலையிலும் கேட்டார்கள். "ஒருத்தருமில்ல," என்று நடந்துகொண்டே சொன்னார் இரத்தினம்மா. "எஞ்சின் பாக்கிறம்." சில பேர் அதைக் காதில் வாங்காமலே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் சேர்ந்துவிட்டார்கள். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பம்பர் அவருடைய குதிக்காலுக்கு ஒரு முழம் பின்னால், அதே ஒரு முழத்தில், வந்துகொண்டே இருந்தது.

இளையதம்பி சாரனை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா! ஆரு?"

"ஒருத்தருமில்ல தம்பி. இதுக்கு முன்னால நடந்தா ஒண்டும் ஆகாதெண்டு காட்ட வந்தன். நம்பிக்கை இல்லாட்டி நீங்களும் வாங்க."

ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? இளையதம்பி முன்னால் போய் நின்றார். முதலில் நான்கு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு பத்து எட்டுக்கு ஒரு தரம். கோயிலடி தாண்டிய பிறகு அவர் திரும்பவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரத்தினம்மாவிடம் இந்தப் போக நெல் விலையைப் பற்றிக் கதைத்தபடி நடந்தார். சுக்கானுக்குப் பின்னால் இருந்த அழகரத்தினத்தின் கண் கலங்கியது. வாய் சிரிப்பில் காதுவரை கிழிந்திருந்தது. யாரோ செத்ததாக நினைத்து வந்த ஒரு கிழவருக்கு, இந்த டிரைவருக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

அதற்கடுத்த மாதம் இளையதம்பியின் பெரியம்மா காலமானார். தொண்ணூறு தாண்டிய ஆச்சி. அழைப்பு வந்தது வேற்றூருக்கு அல்ல. அழகரத்தினம் வாசலில் வண்டியை நிறுத்தித் தலை வாரிக்கொண்டார். ஆச்சி பூவுக்குள் படுத்தபடி, ஒரு குலுங்கல் இல்லாமல், பேரப்பிள்ளைகளின் நடைக்குத் தன் கடைசித் தெருவைக் கடந்தார். அன்றைக்கு யாரும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேளத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆச்சியின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசினார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சையும் அழகரத்தினம் தனக்குக் கிடைத்த பாராட்டாக வாங்கிக்கொண்டார்.

மயானச் சந்தியில் ஊர்வலம் தரித்தது. தேங்காய் உடைத்தார்கள். பறை மேளம் ஒரு சுற்றுச் சுழன்று அடித்து ஓய்ந்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. அழுது களைத்த இளையதம்பி மட்காட்டில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊன்றிய கையில் ஓர் அதிர்வும் தெரியாமல், திடீரென்று அவர் முகம் மாறியது. சன்னலுக்குக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

"அண்ணன்... நிண்டு போச்சா?"

அழகரத்தினம் கொஞ்சம் விலகச் சொல்லி இரண்டு விரலால் சைகை காட்டிவிட்டு, சாவியைத் தொடாமலே, கிளச்சிலிருந்து மெல்லக் காலை எடுத்தார். ஊர்தி நடை வேகத்தில் நகர்ந்தது.