ராத்தா வாசித்த படங்கள்

சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தபடியே இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பது என் தொழில். புடைவைக் கடைகளும் அரிசி ஆலைகளும்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். அப்படியிருக்க ஒருநாள், பக்கத்து ஊரில் பகல்நேர நிலையம் நடத்தும் டீச்சர் ஒருவர் என்னிடம் வந்தார். அறிவு வளர்ச்சி மெதுவான பெரியவர்கள் வந்து கூடி, தைத்து, சமைத்து, கதைத்துவிட்டுப் போகும் இடம் அது. அவர்களே போனில் திறந்து விளங்கிக்கொள்ளும்படி ஒரு பக்கம் வேண்டும் என்றார். பலருக்கு எழுத்து வராது என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஒரு படக்குறி போட வேண்டும்.

"செஞ்சிட்டு ஒங்கட ராத்தாட்டக் காட்டிப் பாருங்களன்," என்றார் போகும்போது.

ராத்தா என் மூத்த சகோதரி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு படிப்பு ஏறவில்லை. வீட்டு வேலையெல்லாம் செய்வார். நாங்கள் நீளமாகக் கதைத்தால் மட்டும் பாதியில் கவனத்தை விட்டுவிடுவார். போனில் அவருக்குத் தெரிந்தது, அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை அழுத்துவது ஒன்றுதான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த குறிகளை எடுத்துப் போட்டு, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவிடம் காட்டினேன். முதற்பக்கத்துக்கு எல்லோரும் போடுகிற, புகைபோக்கி வைத்த வீடு முதலில் வந்தது.

"இது என்ன ராத்தா?"

"மில்லு."

"மில்லா?"

"ஓம். நெல்லு மில்லு. அந்தா பொகக் குழல்."

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் புகைபோக்கி இருக்கிறது? கேள்விக்குறியைத் தூண்டில் முள் என்றார். தேடுவதற்கான பூதக்கண்ணாடி அவருக்குத் தாச்சி. அதில் என்ன பொரிக்கிறார்கள் என்று என்னையே கேட்டார். எனக்கு வேலை மறந்துபோயிற்று. அடுத்ததை எப்படி வாசிப்பார் என்ற ஆவலில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன்.

'எங்களுக்கு எழுதுங்கள்' என்பதற்குக் கடித உறை. அதைக் கண்டதும் ராத்தாவின் முகம் மலர்ந்தது.

"கலியாணக் காட்! ஆர்ர கலியாணம்?"

உறையில் போட்டு எங்கள் வீட்டுக்கு வருவது இப்போது கலியாண அழைப்பு மட்டும்தானே. நான் வாய் திறப்பதற்குள் அதை அழுத்திவிட்டார். படங்கள் நிறைந்த பலகை ஒன்று விரிந்தது. தொடுகிற படங்கள் டீச்சரின் போனுக்குச் செய்தியாகப் போகும்படி சோதனைக்கு இணைத்து வைத்திருந்தேன். ராத்தா ஒரு பெண்ணைத் தொட்டார். பிறகு நடக்கும் கால்கள், சோற்றுக் கோப்பை. சற்று யோசித்து, ஒரு பூ. கடைசியில், அனுப்புவதற்கு நான் வைத்திருந்த பச்சை வட்டம்.

ராத்தா ஒருவருக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. நானும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் அழைத்தார். "ராத்தா வாறாவாம். சோறும் கேட்டிரிக்கா. பூ என்னத்துக்கெண்டுதான் வெளங்கல்ல."

"அவ கலியாணத்துக்கு வாறா, டீச்சர்."

டீச்சர் நன்றாகச் சிரித்தார். "அப்ப வரட்டும். வியாழக்கிழம கூட்டிட்டு வாங்க, சகன் வெப்பம்."

உம்மாவுக்கு விருப்பமில்லை. "நாலு பேருக்கு முன்னால போய் இவள் என்னத்தையும் கதச்சா?" என்றார். ராத்தா அதற்குள் மருதோன்றி அரைக்கத் தொடங்கியிருந்தார்.

வியாழக்கிழமை, கலியாணங்களுக்கென்று வைத்திருக்கும் அபாயா அங்கியை உடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். கலியாணம் இல்லை என்று வழி நெடுக நான் சொன்னது காதில் ஏறவில்லை. நிலைய வாசலில் நின்று, "மாப்புள எங்க?" என்று கேட்டார்.

"மாப்புள இல்ல ராத்தா. கலியாணமும் இல்ல. சோறு இரிக்கி," என்றார் டீச்சர்.

ராத்தாவின் முகம் வாடியது. திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். உள்ளே, சோறு நிறைந்த பெரிய சகன் தட்டைச் சுற்றிப் பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பருத்த உடம்புக்காரி ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, பாயைத் தட்டினாள். "வா கா." ராத்தா போய் உட்கார்ந்தார். அவள் ராத்தாவின் கையைப் பிடித்து மருதோன்றியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்ட பிறகு நிலையத்தின் நாள் நிகழ்ச்சியைப் போனில் காட்டினேன். தேநீர், தையல், சோறு, வீடு போதல் என்று இடமிருந்து வலமாகப் படங்கள். ராத்தா கடைசிப் படத்தில் விரலை வைத்து, "வந்த ஒடன ஊட்ட போறயா?" என்றார்.

"படம் வெளங்கல்ல போல," என்றார் டீச்சர்.

நான் விரலைப் பார்த்தேன். அது வலப்பக்க ஓரத்திலிருந்து தடுமாறாமல் இடப்பக்கம் போனது. ராத்தா சிறுவயதில் ஓதப் போன மதரஸாவில் அலிஃப், பா தாண்டவில்லை. ஆனாலும் ஓர் அரபு வரி எந்தப் பக்கம் தொடங்கும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. பருத்த பெண்ணிடம் காட்டினேன். அவள் இடப்பக்கம் தொடங்கினாள். இன்னொருத்தி எங்கும் தொடங்காமல் தேநீரையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே படங்களை மேலிருந்து கீழாக நிறுத்தினேன். எல்லோருடைய விரலும் மேலேயே தொடங்கியது. குறிகள் போய், எங்கள் வீட்டு வாசல் கேற், டீச்சர் போனைக் காதில் வைத்திருப்பது என்று ஊரில் எடுத்த படங்கள் வந்தன. எதைப் போடுவது என்று ராத்தாவும் சேர்ந்து தெரிவு செய்தார். இப்போது அவர் வாரத்தில் சில நாட்கள் நிலையத்துக்குப் போகிறார். உம்மாவும் முன்புபோல மறுப்பதில்லை.

தீராமல் கிடப்பது 'நாளைக்கு' என்ற சொல். அதற்கு எதைப் படம் பிடிப்பது? ராத்தாவைக் கேட்டேன். அவர் என்னை அறைக்குள் கூட்டிப்போய், கதவில் கொழுவியிருந்த, அயன் பண்ணிய அபாயாவைக் காட்டினார். அடுத்த நாள் உடுத்துப் போவதற்கு எடுத்து வைத்தது. படம் எடுத்துப் போட்டேன். நிலையத்தில் சிலருக்குச் சட்டென்று விளங்கியது. பருத்த பெண் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "புடவக் கட," என்றாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.